நடுவுலவனைக் கழற்றிய வெள்ளிக்கிழமை

மதியம் நான் ரீட்டாக்காவுக்குப் போன் பண்ணும்போதெல்லாம் புதிதாகச் சேர்ந்த நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன். "அமலி என்ன சாப்டா? எம்புட்டு மிச்சம் வச்சா? செத்த போனை அவகிட்ட குடுங்க." தினமும் இதைத்தான் கேட்கிறேன். பிள்ளை நல்லாயிருக்காளா என்று கேட்டுவிட்டு வைத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த மாதக் கடைசியோடு வேலையை விடுகிறேன். கணவருக்குக் கரூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல். இரண்டாவது பிள்ளையும் வயிற்றில் இருக்கிறது. விடுவது சரிதானா என்று காலையில் பல் துலக்கும்போது ஒரு தடவையும் ராத்திரி விளக்கை அணைக்கும்போது ஒரு தடவையும் யோசிக்கிறேன். அது என் பாடு. மெஷின் விஷயத்தில் எனக்கு அந்தக் குழப்பம் இல்லை. வேலையில் நான் சந்தேகப்பட்டதெல்லாம் பெரும்பாலும் உதவியாகத்தான் இருந்திருக்கிறது.

லோட் பேலன்சரை எப்படி அமைப்பது என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. அது கையேட்டில் இருக்கிறது. என்னைவிட நீங்கள் சீக்கிரம் படித்துவிடுவீர்கள். எல்லா விளக்கும் பச்சையாக எரியும்போது எதை நம்புவது என்று கையேட்டில் எழுதியிருக்காது. போன வருடம் தைப்பூசத்துக்கு முன்பதிவு திறந்த வெள்ளிக்கிழமை அன்று அதை நான் தெரிந்துகொண்டேன். வேறு யாரும் உங்களுக்கு அதை முழுதாகச் சொல்லப் போவதில்லை. முதலாளி என்றாலும் சார் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவார். முருகேசன் சொன்னால் அவனே கதாநாயகன் ஆகிவிடுவான்.

அப்போது நம் ஆபீசில் ஆறு பேர்தான். பழனியில் லாட்ஜ் வைத்திருப்பவர்கள் சிலர் சேர்ந்து சங்கம் மாதிரி ஒன்று வைத்திருந்தார்கள். அவர்களுக்காக ரூம் பதிவு செய்யும் தளத்தை நாம் நடத்த ஆரம்பித்த முதல் வருடம் அது. சாதாரண நாட்களில் சிக்கலே இல்லை. பூசம் வேறு. அதற்கு முன்பெல்லாம் பூசத்துக்கு ரூம் கேட்டு வரும் போனை எடுத்து எடுத்து, லாட்ஜ் வரவேற்பில் இருப்பவர்களுக்குத் தொண்டை கட்டிவிடுமாம். அதனால்தான் எங்களிடம் வந்தார்கள். ஆனால் சங்கத்தின் செயலாளர் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்: "இந்த ஒரு பூசத்துக்குப் பாக்கறோமுங்க. சரியா வரலீன்னா எங்களுக்குப் பழையபடி போனே போதும்." மற்ற வேலைகள் எல்லாம் சில்லறை. பழனி போய்விட்டால் ஆறு பேருக்கும் சம்பளம் எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. கல்யாணமாகி, கையில் குழந்தையோடு, இந்த ஊரிலேயே கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியவள் நான். அதனால் அந்த நாள் எனக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது இருப்பது போலவே மெஷின்கள் அன்றும் சென்னையில் வாடகை இடத்தில் இருந்தன. நாம் இங்கே திண்டுக்கல்லில் உட்கார்ந்து திரையில் பார்ப்போம். பின்னால் ஒரு டேட்டாபேஸ், அதற்கு முன்னால் மூன்று அப்ளிகேஷன் சர்வர்கள், எல்லோருக்கும் முன்னால் லோட் பேலன்சர். முருகேசன் அந்த மூன்றுக்கும் மூத்தவன், நடுவுலவன், இளையவன் என்று பெயர் வைத்திருந்தான். ஒட்டன்சத்திரத்துக்காரன். லாட்ஜ்காரர்களோடு போனில் பேசுவது அவன் வேலை.

லோட் பேலன்சர் செய்வதைப் பழனியில் மொட்டை போடும் இடத்தை வைத்துச் சொன்னால் யாருக்கும் புரியும். வரிசை ஒன்று. உள்ளே மொட்டை அடிப்பவர்கள் மூன்று பேர். யார் கை ஒழிகிறதோ அவரிடம் அடுத்த தலையை அனுப்புவதற்கு வாசலில் ஓர் ஆள். நம் பேலன்சருக்கு அந்த வாசல் ஆளின் வேலை. அதோடு சில விநாடிகளுக்கு ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்து, ஒவ்வொரு சர்வரிடமும் "இருக்கியா?" என்று கேட்கும். சர்வர் ஒரு சின்னப் பக்கத்தைத் திருப்பி அனுப்பும். "இருக்கேன்" என்பது மட்டும்தான் அதில் இருக்கும். அது வந்தால் திரையில் பச்சை. வராவிட்டால் சிவப்பு, அந்த சர்வருக்கு ஆள் அனுப்புவது தானாக நின்றுவிடும்.

இந்த ஏற்பாட்டை அமைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அப்போது அது போதும் என்றுதான் நினைத்தேன்.

இதற்கு நடுவில் என் வீட்டில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் மீதிக் கதை நிற்காது. அமலிக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. பக்கத்து வீட்டு ரீட்டாக்காதான் பகலில் பார்த்துக்கொள்வார்கள். மதியம் போன் பண்ணுவேன். "புள்ள நல்லா..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் "நல்லா இருக்கா, நீ வேலையப் பாரு" என்று வந்துவிடும். எனக்கும் நிம்மதியாக இருக்கும். ஒருநாள் சாயங்காலம் போய்த் தூக்கினால் பிள்ளை உடம்பு கொதிக்கிறது. காலையிலிருந்தே அப்படித்தானாம்.

"என்னக்கா இது? மத்தியானம் கேட்டப்ப நல்லா இருக்கான்னீங்களே?"

"சொன்னா நீ பதறிப்போயி பஸ்ஸைப் புடிச்சு ஓடியாருவ. கஞ்சி குடுத்தேன், மருந்து குடுத்தேன், நான் என்ன விட்டுட்டா போயிட்டேன்?"

அக்காமேல் கோபப்பட முடியவில்லை. உண்மையிலேயே பிள்ளையை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்ட கேள்விக்கு அந்தப் பதிலைத் தவிர வேறு எதுவும் வர வழியில்லை. அதிலிருந்துதான் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு மிச்சம் வைத்தாள் என்று கேட்க ஆரம்பித்தேன். அந்தக் கேள்விக்கு வாயில் தயாராக வைத்திருக்கும் பதிலைச் சொல்ல முடியாது. கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

காலை பத்தரைக்குப் பூச முன்பதிவு திறக்கும் என்று அறிவித்திருந்தோம். லாட்ஜ்களில் காலை நேரம் ரூம் காலி செய்கிறவர்களின் கூட்டம் கொஞ்சம் ஓயட்டும் என்று நாங்கள் வைத்த நேரம். திறந்தோம். மூன்றும் பச்சை. ஆனால் பதிவு ஒன்றுகூட விழவில்லை.

சாருக்கு முதலில் நிம்மதி, பிறகு வருத்தம். "இம்புட்டுதானா? பழனி முருகனுக்கே கூட்டம் இல்லையா?" என்றார். சாரும் என்னைப்போல மாதா கோவில் தெருக்காரர்தான். செத்த நேரம் கழித்து, "நீ வேணா போய்ச் சாப்ட்டுட்டு வாம்மா" என்றார்.

எனக்குச் சாப்பாடு இறங்காது என்று தெரியும். தளத்துக்கு யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஆட்கள் வந்திருந்தார்கள். நிறையவே. உடுமலை, பொள்ளாச்சி, தேனி, ஈரோடு என்று ஊர்ப் பெயரைப் போட்டு, எத்தனை பேர், எத்தனை நாள், எந்த லாட்ஜ் என்று எல்லாவற்றையும் நிரப்பி, கடைசிப் பக்கத்துக்கு வந்து நின்றிருந்தார்கள். 'உறுதி செய்' என்ற பொத்தானை மட்டும் யாரும் அழுத்தவில்லை.

பொத்தான்தான் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிட்டேன். நானே என் பெயரில் ஒரு ரூம் போட்டுப் பார்த்தேன். பதிவானது. ரத்து செய்தேன். திரும்பப் போட்டேன். மறுபடியும் பதிவானது. பொத்தான் நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் ஊர் ஊராக பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர்கள் ஏன் அழுத்தவில்லை?

வேறு வழியில்லாமல் பழனிக்குச் செயலாளரைக் கூப்பிட்டேன். "ஐயா, பட்டன் வேலை செய்யலையோன்னு பயமா இருக்குங்க. எல்லாரும் கடைசிப் பக்கத்துல வந்து அப்படியே நிக்கிறாங்க."

அவர் சிரித்தார். "அம்மிணி, இன்னிக்கு என்ன கெழமைங்க?"

"வெள்ளிங்க."

"வெள்ளிக்கெழமை பத்தரைக்கு நேரம் குறிச்சது ஆரு?"

"நாங்கதாங்க."

"உங்க ஊட்டுக் காலண்டர்ல ராகுகாலம்னு ஒண்ணு போட்டிருக்குமே, பாத்ததே இல்லீங்களா? பன்னண்டு வரைக்கும் ஒருத்தனும் முருகனைப் பாக்கப் போற ரூமை உறுதி பண்ண மாட்டான். நீங்க நேரம் சொன்னப்ப நானும் கெழமையக் கவனிக்காம உட்டுட்டேன். பன்னண்டு அடிக்கட்டும். அப்பறம் பாருங்க வேடிக்கைய."

எங்கள் வீட்டுக் காலண்டரிலும் அது அச்சாகித்தான் இருந்தது. தேதியைப் பார்ப்போம், திருநாள் எது என்று பார்ப்போம். கீழே இருந்த பொடி எழுத்தை எங்கள் வீட்டில் யாரும் படித்ததே இல்லை. சாரிடம் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்ப்பா முருகேசா, உனக்குமா தெரியாது?"

"எனக்குத் தெரியுங்க சார். கம்ப்யூட்டருக்கும் ராகுகாலம் உண்டான்னு எனக்கெப்படிங்க தெரியும்?"

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் எனக்கு வேறொரு கவலை வந்துவிட்டது. ஒன்றை யோசித்துப் பாருங்கள். சாதாரணமாக ஆட்கள் முன்னும் பின்னுமாக வருவார்கள். ஒருவர் அழுத்தி முடிக்கும்போது இன்னொருவர் ஊர்ப் பெயரை எழுதிக்கொண்டிருப்பார். இப்போது அத்தனை பேரும் விரலை மவுஸில் வைத்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். காத்திருப்பவர்களை பேலன்சர் ஒரு சுமையாகவே கணக்கில் எடுக்காது. அது பார்ப்பது கேட்டுக்கொண்டு வரும் வேலையை மட்டும். அதனால் திரை அமைதியாக இருந்தது. திரை அமைதியாக இருக்கிறது என்று என்னைச் சாப்பிடப் போகச் சொன்னார்கள். உங்களையும் அப்படி ஒருநாள் சொல்வார்கள். போவதற்கு முன் யார் எங்கே காத்து நிற்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

கிடைத்த நேரத்தில் அவசரமில்லாத வேலைகளை எல்லாம் நிறுத்தி வைத்தேன். நாலாவது சர்வர் ஒன்று கிடைக்குமா என்று சார் சென்னைக்குப் பேசினார். சாயங்காலம்தான் முடியும் என்றார்கள்.

பன்னிரண்டு ஆனது.

கூட்டம் மழை இறங்குகிற மாதிரி இறங்கியது. முதல் சில நிமிடங்கள் மூன்று பேரும் தாங்கினார்கள். பதிவுகள் விழ ஆரம்பித்தன. முருகேசன் ஒவ்வொரு லாட்ஜாகப் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். பிறகு அவன் போன் அடித்தது. எடுத்தான். அடுத்த போனும் அடித்தது.

"ஏனுங்க மேடம், அழுத்துனா 'பிழை'ன்னு வருதாமுங்க. திருப்பி அழுத்துனாலும் அதேதானாமுங்க. பொள்ளாச்சில ஒரு சென்டர்ல அத்தனை பேருக்கும் அப்படியே வருதுங்கறாங்க."

திரையைப் பார்த்தேன். மூன்றும் பச்சை. சார் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "நடுவுலவனைப் பாரும்மா, பறக்குறான்!" என்றார். உண்மைதான். மூத்தவனும் இளையவனும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொரு வேலையாக முடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவுலவன் அந்த இருவரும் சேர்ந்து முடித்ததைவிடப் பல மடங்கு முடித்திருந்தான். கேட்ட மாத்திரத்தில் பதில். கையில் வேலையே தங்கவில்லை.

"நல்லா இருக்கா, நீ வேலையப் பாரு." ரீட்டாக்காவின் குரல் எனக்கு அப்படியே காதில் கேட்டது. கேள்வி முடிவதற்குள் வந்துவிடுகிற அந்தப் பதில்.

ஆனாலும் கை உடனே போகவில்லை. இவ்வளவு நெருக்கடியில் நன்றாக ஓடுகிற ஒன்றைச் சந்தேகப்படுகிறோமே, வீட்டுக் கவலையைக் கொண்டுவந்து மெஷின்மேல் போடுகிறோமோ என்று இருந்தது. அதனால் பேலன்சரை விட்டுவிட்டு, திரையிலிருந்தே மூன்று பேரிடமும் நானே நேராகப் போனேன். இருக்கிறாயா என்று கேட்கவில்லை. "பூசத்தன்று இந்த லாட்ஜில் என்ன ரூம் காலி?" என்று கேட்டேன். மூத்தவன் நெடுநேரம் கழித்து ரூம் பட்டியலைக் கொடுத்தான். இளையவன் அதைவிட நேரமெடுத்துக் கொடுத்தான். நடுவுலவன் கண் இமைப்பதற்குள் 'பிழை' என்றான். திரும்பக் கேட்டேன். திரும்பவும் 'பிழை'. டேட்டாபேஸோடு அவனுக்கு இருந்த தொடர்பு அந்த நெரிசலில் அறுந்துபோயிருந்தது. ஆனால் "இருக்கேன்" என்ற சின்னப் பக்கத்தைக் கொடுக்க டேட்டாபேஸ் எதற்கு?

"சார், நடுவுலவனை வரிசையில இருந்து கழட்டணும்."

"என்னம்மா சொல்ற? மூணே பத்தலங்கிறேன், நீ ஒண்ணைக் கழட்டுறேங்கிற?"

"சார், மொட்டை போடுற இடத்துல ஒருத்தர்கிட்ட கத்தி இல்லன்னு வைங்க. உக்காந்தவுடனே 'கத்தி இல்ல, போ'ன்னு எழுப்பி விட்டுடறார். அவர் கை எப்பவும் ஒழிஞ்சே இருக்கும். வாசல்ல இருக்கிறவன் அடுத்த தலையையும் அவர்கிட்டயேதான் அனுப்புவான். வரிசை முழுசும் அங்க போயி, மொட்டை போடாம வெளிய வந்துக்கிட்டு இருக்கு சார்."

சாரிடம் நான் மதிக்கிற விஷயம் ஒன்று உண்டு. எவ்வளவு பதற்றம் இருந்தாலும், எதில் கை வைப்பதானாலும், ஒரே ஒரு கேள்வி கேட்பார். அன்றும் அதையே கேட்டார். "எடுத்தப்புறம் தப்புன்னு தெரிஞ்சா எப்படித் திரும்ப வைப்ப?"

"ஒரு வரி சார். உடனே போட்டுருவேன்."

"அப்பச் செய்யி."

கழற்றினேன்.

அதற்கப்புறம்தான் உண்மையான சோதனை. நடுவுலவனிடம் போய்த் திரும்பிக்கொண்டிருந்த கூட்டம் முழுவதும் மற்ற இருவர்மேல் சாய்ந்தது. இரண்டு பேரின் சுமையைக் காட்டும் கோடும் திரையின் உச்சிக்குப் போனது. ஒரு பக்கம் திறக்க அவ்வளவு நேரம் ஆனது. நான் செய்தது முட்டாள்தனம் என்று திரை முழுக்க எழுதியிருந்த மாதிரி இருந்தது. சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "போட்டுரு, போட்டுரு, திரும்பப் போட்டுரு." என் விரல் அந்த ஒரு வரிமேல்தான் இருந்தது.

"சார், பிழை நின்னுபோச்சு."

"அதான் எதுவுமே வர மாட்டேங்குதே!"

"வருது சார். மெதுவா வருது. ஆனா வர்றது ரூம்."

மேசையின் எதிர்ப்பக்கம் முருகேசனின் போன் அடித்தது. அவன் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினான். செயலாளர்.

"ஏனம்மிணி, ஆமை மாதிரி நகருதுங்கறாங்களே?"

"ஆமாங்கய்யா, மெதுவாத்தான் இருக்கும். ஆனா ரூம் விழும். தயவுசெஞ்சு யாரையும் திருப்பித் திருப்பி அழுத்த வேண்டாம்னு சொல்லுங்க. ஒரு தடவை அழுத்திட்டுக் காத்திருக்கச் சொல்லுங்க."

"ஒரு தரம் அமுக்குனாப் போதும்னு உறுதியாச் சொல்லறீங்களா?"

அப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் யாரிடமும் எதையும் உறுதியாகச் சொல்லிப் பழக்கமில்லாதவள். சொன்னேன். "உறுதியாச் சொல்றேங்க."

அவர் லாட்ஜ் லாட்ஜாகச் சொல்லி, லாட்ஜ்காரர்கள் தங்களுக்கு வந்த போன்களுக்கெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். செத்த நேரத்தில் திரும்பத் திரும்ப அழுத்துவது குறைந்தது. கோடுகள் உச்சியிலிருந்து இறங்கவில்லை. ஆனால் அதற்குமேலும் ஏறவில்லை. பதிவுகள் ஒன்று ஒன்றாக விழுந்தன. முருகேசன் இப்போது கத்தவில்லை. வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தான்.

நடுவுலவனை ஓரமாக வைத்துத் திரும்பக் கிளப்பி, டேட்டாபேஸோடு சேர்த்து, நானே ஒரு ரூம் போட்டுப் பார்த்து, ரத்து செய்துவிட்டு, உள்ளே விடத் தயாரானேன். சாருக்கு அவசரம். எனக்கும்தான். ஆனால் ஒரேயடியாக விடவில்லை. கையில் வேலையே இல்லாமல் வருகிறவன் அவன். கதவைத் திறந்த நொடியில் வரிசை முழுவதும் அவன்மேல் விழும். மறுபடி அறுந்து போவான். அவனுக்கு என்று ஒரு சின்ன அளவு வைத்து, அதைத் தாங்குகிறானா என்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். நோயில் கிடந்த பிள்ளைக்கு முதலில் கஞ்சித் தண்ணீர் கொடுப்பது மாதிரி. சார் அந்த நேரம் முழுவதும் வாயைத் திறக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

எல்லா ரூமும் நிறைந்ததும் செயலாளர் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை போனை நானே எடுத்தேன்.

"அம்மிணி, அடுத்த வருசத்துக்கு நேரத்தை நான் குறிச்சுத் தர்றனுங்க. நீங்க மெஷினை மட்டும் பாத்துக்குங்க."

வைத்துவிட்டேன். "என்னங்க சொன்னாரு?" என்றான் முருகேசன். சொன்னேன். அவன் சாரைப் பார்த்தான். "சார், அடுத்த வருசம்னு சொல்லியிருக்காருங்க!" அப்போதுதான் எங்களுக்கும் அது உறைத்தது. சார் போய் ஆறு பேருக்கும் பரோட்டா வாங்கிக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை என்பதால் முருகேசனுக்கு மட்டும் சைவக் குருமா.

பரோட்டாவைப் பிய்க்கும்போதுதான் மதியப் போனை மறந்துவிட்டது நினைவுக்கு வந்தது. அலறியடித்துக்கொண்டு கூப்பிட்டேன். "என்ன சாப்டா?" என்று கேட்டேன். ரீட்டாக்கா பதில் சொல்லாமல் போனைப் பிள்ளையின் காதில் வைத்துவிட்டார்கள். "தயிச்சோறு," என்றாள் அமலி. பின்னால் ரீட்டாக்காவின் குரல்: "பாதிச் சோறு காக்காய்க்கு. அதையும் சொல்லு உங்கம்மாகிட்ட."

இத்தோடு முடித்திருந்தால் என்னைக் கெட்டிக்காரி என்றே நினைத்துக்கொள்வீர்கள். அடுத்த வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பயம் தெளியாமல், பேலன்சர் கேட்கும் கேள்வியை மாற்றினேன். "இருக்கியா" என்பதை எடுத்துவிட்டு, டேட்டாபேஸ்வரை போய் ஒரு ரூமைத் தேடிக் கொண்டுவரச் சொல்லும் கேள்வியை வைத்தேன். அதுவரை சரி. அதை விநாடிக்கு ஒருமுறை கேட்கச் சொன்னேன். ஒருமுறை பதில் வரத் தாமதமானாலே வெளியே தள்ளு என்றும் சொன்னேன். அதே நாட்களில் வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன். ஒருநாள் ரீட்டாக்கா வெடித்துவிட்டார்கள்: "நீ இப்படி நிமிசத்துக்கு ஒரு தரம் போன் போட்டா நான் ஓடிவந்து இதை எடுக்குறதா, புள்ளைக்கு ஊட்டுறதா? சோத்துக் கையோட எத்தனை தரம் எந்திரிக்க?"

மறுநாள் ஆபீசில், கூட்டமே இல்லாத நேரத்தில், மூன்று சர்வரும் ஒன்றாகச் சிவப்பானது. டேட்டாபேஸில் ஒரு சின்னத் தாமதம். என் கேள்விக்கு மூன்று பேரும் ஒரு நொடி தாமதமாகப் பதில் சொன்னார்கள். பேலன்சர் மூன்று பேரையும் வெளியே தள்ளிவிட்டது. நன்றாக இருந்தவர்களைக் கேள்வி கேட்டே நிறுத்திவிட்டேன். சார் வருவதற்குள் சரிசெய்துவிட்டேன் என்றாலும் அவரிடம் நானே சொன்னேன். அதன்பிறகு வைத்ததுதான் நீங்கள் இப்போது பார்க்கும் ஏற்பாடு: உண்மையான கேள்வி, ஆனால் நிதானமாக, தொடர்ந்து சில தடவை பதில் வராவிட்டால்தான் வெளியே, எப்படியிருந்தாலும் எல்லோரையும் ஒன்றாகத் தள்ளக் கூடாது. வீட்டிலும் மதியம் ஒரே ஒரு போன்தான். அதைத்தான் நீங்கள் சிரித்துக்கொண்டே கேட்கிறீர்கள்.

வருகிற பூசம் உங்களுடையது. செயலாளர் நேரம் குறித்துக் கொடுத்துவிட்டார், மேசைமேல் ஒட்டியிருக்கிறேன். கூட்டம் இந்தத் தடவை இன்னும் கூடும். பதறாதீர்கள். மூன்றும் பச்சையாக இருந்து, போன் மட்டும் விடாமல் அடித்தால், போனை நம்புங்கள். அன்றைக்கு நான் கரூரில் எங்கே இருந்தாலும், முன்பதிவு திறந்த அரை மணி நேரத்தில் உங்களைக் கூப்பிடுவேன். எல்லாம் நல்லா இருக்கா என்று கேட்க மாட்டேன். "பழனியில எங்களுக்கு ஒரு ரூம் போட்டுக் குடுங்க" என்று கேட்பேன். பெரியவர்கள் இரண்டு, அமலி ஒன்று, கைக்குழந்தை ஒன்று. போட்டுவிட்டு, எந்த லாட்ஜ், எந்த மாடி என்று பார்த்துச் சொல்லுங்கள். நான் போனிலேயே இருப்பேன்.